பெற்றோல் பில்டர்: பம்புக்கு முன்னாலா, பின்னாலா?

பெரியப்பாவின் டட்சன் சன்னி பி310 இரண்டு விதமாக நின்றுகொண்டிருந்தது. பிற்பகல் வெயிலில் கொழும்பின் காலி வீதியில் பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் இருமி, நடுங்கி, அணைந்துவிடும். பொனட்டைத் திறந்துவைத்து இருபது நிமிடம் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல மறுபடியும் இயங்கும். இது முதலாவது. மற்றது, விடிகாலையில் கட்டுநாயக்க அதிவேக வீதியில் வரும் வியாதி. 80 ஐத் தொட்டுச் சில நிமிடம் ஓடியதும் இழுவை குறையும். மிதிக்க மிதிக்க வேகம் இறங்கும். 50 க்குக் குறைத்தால் தானாகவே சரியாகிவிடும்.

இரண்டுக்கும் கராஜ்களில் கிடைத்த விடை ஒன்றுதான்: "பில்டர் அடைத்திருக்கும், மாற்றுங்கள்." மாற்றினார்கள். சில வாரம் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதை. எனக்கு முதலிலேயே உறுத்திய விடயம், இந்த இரண்டும் ஒரே நோயாக இருக்க முடியாது என்பது. வேகமாக ஓடும்போது மட்டும் எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை என்றால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. ஊர்ந்து போகும்போது எஞ்சின் குடிப்பதே மிகக் கொஞ்சம். பாதி அடைத்த பில்டர்கூட அந்த அளவைத் தாராளமாகக் கொடுக்கும். அப்போது எஞ்சின் நிற்கிறதென்றால் அதற்கு வேறு காரணம் இருக்கவேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தக் கார் 80 கி.மீ. வேகத்தில் லீற்றருக்கு 12 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு ஏறத்தாழ 6.7 லீற்றர், அதாவது நிமிடத்துக்கு 110 மி.லீ. சொச்சம். நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது மணிக்கு ஒரு லீற்றர்கூட ஆகாது. நிமிடத்துக்கு 15 மி.லீ. என்று கொள்ளலாம். கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பில்டரின் வயிற்றில் 45 மி.லீ. அளவு பெற்றோல் பிடிக்கும். எனவே வேகமாக ஓடும்போது ஒரு துளி பெற்றோல் அந்த பில்டருக்குள் அரை நிமிடம்கூடத் தங்குவதில்லை. வாகன நெரிசலில் அதே துளி மூன்று நிமிடம் அங்கேயே கிடந்து வேகிறது. பில்டர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த மூன்று நிமிடம்தான் உயிர்நாடி. பெற்றோலை டாங்கியிலிருந்து காபரேற்றருக்கு (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் உறுப்பு) அனுப்பும் பம்புக்கு முன்னாலா, அதாவது டாங்கிப் பக்கமா, பின்னாலா, அதாவது காபரேற்றர் பக்கமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பொனட்டைத் திறந்தேன். பி310 இன் ஏ12 எஞ்சினில் பெற்றோல் கலவை உள்ளே வரும் மெனிபோல்டும் (குழாய்த்தொகுதி) எரிந்த புகை வெளியே போகும் சூடான மெனிபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இரட்டைத் தொண்டை கொண்ட ஹிட்டாச்சி காபரேற்றர் அவற்றின் மேல் அமர்ந்திருக்கிறது. பெற்றோல் பம்ப் எஞ்சினின் எதிர்ப்பக்கம், கேம் தண்டின் தள்ளலில் வேலைசெய்யும் பழைய பொறிமுறைப் பம்ப். பம்பிலிருந்து காபரேற்றருக்குப் போகும் குழாயின் கடைசித் துண்டில், வெளிப்போக்கு மெனிபோல்டுக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில் அந்த பில்டர் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிறிய மஞ்சள் பிளாஸ்டிக். யாரோ ஒரு மெக்கானிக், கண்ணுக்கு எட்டும் இடம், கைக்கு எட்டும் இடம் என்று பார்த்து வைத்திருக்கிறார். மாற்றுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அடிக்கடி மாற்றவேண்டி வந்ததில் வியப்பும் கிடையாது.

பம்ப் இருக்கும் பக்கம் மட்காட்டின் உட்சுவரில் ஒரு வெற்றுத் தாங்கி கண்ணில் பட்டது. வளைந்த தகட்டுக் கவ்வி. அது எதற்கு என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"அதில்தான் முதலில் பில்டர் இருந்தது. உன் பெரியம்மா உயிரோடு இருந்த காலத்தில் ஒருதரம் வத்தளையில் நின்றது. அங்கே ஒருவர், பில்டர் காற்றை இழுக்கிறது என்று சொல்லிக் கழற்றி இந்தப் பக்கம் போட்டுவிட்டார்."

"காற்றை இழுத்தது பில்டரா, குழாயா பெரியப்பா?"

"தம்பி, எனக்கென்ன தெரியும்? கார் ஓடியது, காசைக் கொடுத்தேன்."

அந்த வத்தளை வைத்தியம் பாதி உண்மை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹிட்டாச்சி காபரேற்றரில் எனக்கு மிகவும் பிடித்த விடயம், பெற்றோல் தேங்கி நிற்கும் மிதவை அறையின் முன்பக்கத்தில் இருக்கும் சிறு கண்ணாடிச் சாளரம். உள்ளே பெற்றோல் எவ்வளவு நிற்கிறது என்று அதில் தெரியும். கண்ணாடியின் நடுப்பகுதியில் அளவுக்குறியும் உண்டு. எஞ்சின் நின்ற அந்தக் கணத்தில் இந்தக் கண்ணாடியைப் பார்த்தால் பாதி ஊகங்கள் கழிந்துவிடும். பெற்றோல் மட்டம் குறியில் இருந்தால் குற்றம் காபரேற்றருக்குள்ளோ மின்பொறியிலோ தேடப்படவேண்டும். பில்டரைத் திட்டிப் பயனில்லை. மட்டம் இறங்கியிருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை.

ஒரு பிற்பகல் பம்பலப்பிட்டியில் கார் வழமைபோல நின்றது. ஓரமாகத் தள்ளிவிட்டுப் பொனட்டைத் திறந்தேன். கண்ணாடியில் அடிமட்டத்தில் மட்டும் ஈரம். பில்டருக்குள் ஏறத்தாழ ஒன்றும் இல்லை, ஓரங்களில் குமிழிகள். கையோடு கொண்டுபோயிருந்த அகச்சிவப்பு வெப்பமானி பில்டரின் உடலில் 60 பாகைக்கு மேல் காட்டியது. பெற்றோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் திரவம் அல்ல. அது பல திரவங்களின் கலவை. அவற்றில் இலேசானவை 40 பாகைக்குப் பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். 60 பாகையில் அந்த பில்டர் ஆவிக் கூடமாக மாறியிருந்தது. மிதவை அறையின் ஊசி வால்வு வழியாகப் பெற்றோல் நுழையவேண்டிய இடத்தில் ஆவியே வந்து நிற்கிறது. பம்பின் ஒவ்வொரு தள்ளலும் அந்த ஆவியை அமுக்கி விடுவதிலேயே கழிந்துபோகிறது.

ஊகத்தை உறுதிசெய்யப் பணம் செலவாகவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு துணியை நனைத்து பில்டரையும் அதன் இருபக்கக் குழாயையும் சுற்றினேன். சிறிது நேரத்தில் ஸ்டார்ட்டரைத் திருப்பியதும் கண்ணாடியில் மட்டம் ஏறியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. இருபது நிமிடக் காத்திருப்பு ஓர் ஈரத்துணியில் சுருங்கிவிட்டதென்றால் நோய் சூடுதான். இந்தச் சோதனையைச் செய்யும்போது மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ரிபியூட்டர் மேல் தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புதிதாக ஒரு நோயைத் தேடவேண்டி வரும்.

அடுத்தது வேக நோய். பழைய பில்டரைக் கழற்றி, பெற்றோலை வடித்து, வெளியில் நன்றாக உலரவிட்டு, கைவாளால் குறுக்கே அறுத்தேன். மடிப்பு மடிப்பாக உள்ள தாளைப் பிரித்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் உதறினேன். கழற்றிய பில்டரை அப்படியே குப்பையில் போடுபவர்கள் வைத்திய அறிக்கையைக் கிழித்துப் போடுகிறார்கள் என்றுதான் சொல்வேன். தட்டில் பெரும்பகுதி பழுப்புத் தூளும் செதில்களும். காந்தத்தைத் தட்டின் அடியில் நகர்த்தியபோது செதில்களில் பல கூடவே நகர்ந்தன. டாங்கியின் துரு. அதோடு மிருதுவான கறுப்புத் துணுக்குகள். விரலில் தேய்த்தால் மை போலப் பிசுபிசுத்தன. அது குழாயின் உட்சுவர் கரைந்து உதிர்ந்த றப்பர். வேறொரு கறுப்பும் இருந்தது: மெல்லிய, நெசவுத்துணி இழை ஒட்டிய துண்டு ஒன்று. அது பம்புக்குள் அசைந்து பெற்றோலை உறிஞ்சித் தள்ளும் சவ்விலிருந்து வந்தது. பம்புக்கு முன்னால் வைத்த பில்டரில் இந்தத் துண்டை ஒருகாலும் பார்க்கமுடியாது.

துரு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போக அவசியம் இருக்கவில்லை. 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். பெரியப்பா இந்தக் காரின் டாங்கியில் அடியில் கொஞ்சம் மட்டும் வைத்துக்கொண்டு, வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார். வெறுமையான டாங்கிக்குள் இருப்பது ஈரக்காற்று. இரவில் தகடு குளிர, அந்த ஈரம் உட்கூரையில் வியர்த்து வடியும். வருடம் முழுவதும் உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் வெளிப்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், உட்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் பம்புக்குப் பின்னால் மட்டும் பில்டர் வைப்பதன் தீமை வெளிப்பட்டது. டாங்கிக்கும் பம்புக்கும் இடையே தடுப்பு ஏதும் இல்லை. துரு முழுவதும் பம்பைக் கடந்துதான் பில்டருக்குப் போயிருக்கிறது. பம்பின் மேல்மூடி திருகாணி போட்ட வகை என்பதால் திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு சிறிய தட்டு வால்வுகள், ஒன்று பெற்றோலை உள்ளே விட, மற்றது வெளியே விட. வெளிவிடும் வால்வின் இருக்கையில் துருச்செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு அதை முழுதாக மூடவிடாமல் வைத்திருந்தது. தள்ளியதில் ஒரு பங்கு ஒவ்வொரு தடவையும் திரும்பி உள்ளே வருகிறது. மெதுவாக ஓடும்போது இது தெரியாது. நிமிடத்துக்கு 110 மி.லீ. கேட்கும்போது தெரியும். மேல் பில்டரைப் புதிதாக மாற்றியதும் தடை சிறிது குறைந்து சில வாரம் சமாளித்தது. துரு மறுபடி சேர, பலவீனமான பம்ப் மறுபடி தோற்றது. கராஜ்களின் விடை முழுப்பொய் அல்ல என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும்.

சவ்வு ஓரத்தில் வெடித்திருந்தது. இந்த வகைப் பம்பில் சவ்வு கிழிந்தால் பெற்றோல் எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கும். எண்ணெய் அளவுகோலை இழுத்து முகர்ந்து பார்த்தேன், நல்லவேளை பெற்றோல் மணம் இல்லை. பம்பையே மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அதற்காகவும் பில்டருக்காகவும் பஞ்சிகாவத்தைக்குப் போனது ஒரு தனிக்கதையாக எழுதவேண்டியது. மருதானையை ஒட்டிய அந்தத் தெருக்களில் எஞ்சின்கள் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும்; நீங்கள் கேட்கும் பொருள் தம்மிடம் இல்லை என்று எந்தக் கடைக்காரரும் முதல்மூச்சில் சொல்லமாட்டார். பில்டர் என்று கேட்டதும் மேசைமேல் விரித்தார் ஒருவர்: ஒளிபுகும் பிளாஸ்டிக், இரண்டு முனையையும் திருகிப் பூட்டும் கண்ணாடிக் குழல், சிறிய இரும்புக் குடுவை, மோட்டார் சைக்கிளுக்கான விரல் தடிமன் உள்ளது. கண்ணாடிக் குழல்தான் பார்க்க அழகு. அதைத் தொடவேண்டாம். அதன் இரண்டு முனையிலும் உள்ள றப்பர் வளையங்கள் சூட்டிலும் பெற்றோலிலும் இறுகிச் சுருங்கும். பம்புக்குப் பின்னால், தள்ளும் அழுத்தத்தில் வைத்தால் ஒருநாள் சூடான எஞ்சின்மேல் பெற்றோல் தெறிக்கும். இந்தப் பம்புகளின் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தல்) அளவுதான், ஆனால் தீப்பிடிக்க அது போதும்.

முனைகளின் அளவையும் பார்க்கவேண்டும். 6 மி.மீ., 8 மி.மீ. என்று இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். எங்கள் காரின் இரும்புக் குழாய் 8 மி.மீ. அதில் 6 மி.மீ. பில்டரை வைத்துக் கிளிப்பால் நெரிப்பவர்களும் உண்டு. குழாய் வாங்கும்போது அதன்மேல் எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்7 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். காபரேற்றர் வாகனங்களின் குறைந்த அழுத்தத்துக்கு அது போதும். வெறும் கறுப்புக் குழாயாக, எழுத்து ஏதும் இல்லாமல், மீற்றர் கணக்கில் மலிவாகக் கிடைப்பதுதான் என் வெள்ளைத் தட்டில் மையாக உதிர்ந்தது.

கிருலப்பனையில் எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு மெக்கானிக் பாஸ் இருக்கிறார். காபரேற்றர் என்றால் அவர் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கலாம். வாங்கியதையெல்லாம் காட்டி, பில்டரை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மல்லி (தம்பி), பம்புக்கு முன்னால்தான். பம்ப் வாங்கும் காசு யாருடையது?"

"பின்னால் வைத்தால் காபரேற்றருக்குப் பாதுகாப்பு இல்லையா, பாஸ்?"

"காபரேற்றரைக் கழற்றிக் கழுவலாம். இந்தப் பம்ப் இனி வராது."

அவர் சொன்னதில் நியாயம் உண்டு, ஆனால் முழு நியாயம் இல்லை என்று நினைக்கிறேன். பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் பெற்றோல் உறிஞ்சப்படுகிறது. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அழுத்தம் குறைந்தால் ஆவியாவது எளிது. எனவே அந்தப் பக்கம் நெருக்கமான நுண்தாள் பில்டரை வைத்தால், அது அடைக்க அடைக்கப் பம்ப் இன்னும் கடினமாக உறிஞ்சும், அழுத்தம் இன்னும் இறங்கும், கொழும்பு வெயிலில் ஆவி இன்னும் விரைவாக எழும். முன்பக்கத்துக்குத் தடை குறைந்த, துளை பெரிய பில்டர்தான் ஏற்றது. 100 மைக்ரோன் (ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று) அளவு வலை போதும். பம்பின் வால்வைக் கெடுப்பது செதில்கள். அவற்றை அது நிறுத்திவிடும். பெற்றோல் பாயும் நுண்துளைகளான ஜெட்டுகளையும் ஊசி வால்வையும் கெடுக்கும் நுண்தூளுக்கு 40 மைக்ரோன் அல்லது அதைவிட நெருக்கமானது வேண்டும். அதைப் பம்புக்குப் பின்னால் வைத்தால் தள்ளும் பலம் அதைக் கடத்திவிடும். கிழியும் சவ்வின் துணுக்கைப் பிடிக்கவும் பின்னால் ஒன்று இருந்தால்தான் முடியும்.

ஒன்றுதான் வைக்க இடமோ பணமோ இருக்கிறதென்றால், டாங்கி பழையதாக இருக்கும் கார்களில் நான் பாஸின் பக்கம் நிற்பேன்: முன்னால். டாங்கி சுத்தம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பின்னால். ஹிட்டாச்சியில் காபரேற்றரின் வாயிலேயே ஒரு சிறு வலை கடைசிக் காவலாக இருக்கிறது. பலருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. எங்கள் காரில் அதையும் கழற்றிப் பார்த்தபோது பாதி மூடியிருந்தது.

வத்தளைக் கதைக்கு வருகிறேன். உறிஞ்சும் பக்கத்தில் குழாய் வெடித்தாலோ கிளிப் தளர்ந்தாலோ பெற்றோல் வெளியே கசியாது. காற்று உள்ளே போகும். செவ்விளநீர் குடிக்கும் குழாயில் ஊசித்துளை இருந்தால் வாய்க்கு இளநீர் பாதி காற்று பாதி வருவது போலத்தான். தரையில் ஒரு சொட்டும் விழாது, மணமும் வராது, ஆனால் பம்ப் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். வத்தளைக்காரர் பில்டரைக் கழற்றியபோது அதோடு சேர்ந்த இரண்டு குழாய்த்துண்டுகளும் நான்கு இணைப்புகளும் போய், ஒரே நீளக் குழாய் வந்தது. காற்றுக் கசிவு அதனால் நின்றது. குற்றவாளி அநேகமாக வெடித்த குழாய்முனைதான், தண்டனை பில்டருக்கு.

டாங்கியைப் பற்றிச் சுருக்கமாக: கழற்றி, மிச்சப் பெற்றோலை வடித்து, சவர்க்கார நீரில் பலமுறை அலசி, சிற்றிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, சிறு சங்கிலியை உள்ளே போட்டுக் குலுக்கி, கழுவி, உடனே உலர்த்தி, ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் கலந்த பெற்றோலால் உட்சுவரை நனைத்துவிட்டேன். உறிஞ்சும் குழாயின் நுனியில் இருந்த வலை கையோடு வந்துவிட்டது. வெற்று டாங்கி நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது. உள்ளே இருக்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். ஒட்டுவேலை தேவைப்பட்டால் அதற்கென்று செய்பவரிடம் கொடுங்கள், வீட்டு முற்றத்தில் முயலவேண்டாம்.

இனிப் பூட்டுதல். மட்காட்டு உட்சுவரில் அந்தப் பழைய தாங்கி இருக்கும் இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தால் தயாரித்தவர்கள் ஏன் அங்கே வைத்தார்கள் என்று புரிகிறது. மெனிபோல்டிலிருந்து எஞ்சினின் முழு அகலமும் தள்ளி இருக்கிறது. ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்றோட்டத்துக்கும் ஒதுக்குப்புறம். கார் நின்ற அதே பிற்பகல் வெயிலில், அதே வீதியில் பிறகு அளந்தபோது அந்த இடத்தில் 45 பாகையைத் தாண்டவில்லை. பம்பைவிடத் தாழ்வாகவும் இருப்பதால் பெற்றோல் வடிந்து பில்டர் வெறுமையாகிவிடாது.

பேட்டரியின் இணைப்பைக் கழற்றினேன். உலர்தூள் தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். பெரியப்பா புகைப்பவர் என்பதால் அவரை வீட்டுக்குள் அனுப்பினேன். டாங்கியில் பெற்றோல் மட்டம் பில்டரைவிட உயரமாக இருந்தால் குழாயைக் கழற்றியதும் தானாக வழியத் தொடங்கும். ஒரு சிறு பிடிகருவியால் குழாயை மெதுவாக நெரித்து வைத்துக்கொண்டால் கை நனையாது.

முன் பில்டராக, துளை பெரிய தாள் உள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் பில்டரைத் தாங்கியில் நிமிர்த்தி, உள்வாய் கீழே, வெளிவாய் மேலே இருக்கும்படி பூட்டினேன். எழும் குமிழி தானாக மேலே போய் வெளியேற இதுதான் வழி. பில்டரின் உடலில் உள்ள அம்புக்குறி பெற்றோல் ஓடும் திசையைக் காட்டவேண்டும். தலைகீழாக வைத்தாலும் பெற்றோல் போகும், ஆகவே அலட்சியமாக விடுபவர்கள் பலர். ஆனால் இந்த பில்டர்களில் பெற்றோல் தாள் மடிப்பின் வெளியிலிருந்து உள்ளே நுழையவேண்டும். அப்போது அழுக்கு வெளிப்பக்கத்தில் படியும், நமக்குத் தெரியும். திருப்பி வைத்தால் அழுக்கு உள்ளே குறுகிய குழலில் சேர்ந்து, வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருந்துகொண்டு அடைக்கும்.

இரண்டாவதாக, சிறிய இரும்புக் குடுவையைப் பம்பின் வெளிவாயை ஒட்டிய முதல் குழாய்த்துண்டிலேயே வைத்தேன், எஞ்சினின் குளிர்ந்த பக்கத்தில், அதன் முன்பகுதியில், தாழ்வாக. பம்புக்குப் பின்னால் என்றால் காபரேற்றரின் காலடியில்தான் வைக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. அங்கிருந்து எஞ்சினின் முன்பக்கமாகச் சுற்றிக் காபரேற்றருக்குப் போவது முழுவதும் இரும்புக் குழாய். கடைசியில் மட்டும் ஒரு சிறு றப்பர் துண்டு. மெனிபோல்டுக்கு மேலே இப்போது தேங்கி நிற்பதற்கு வயிறு உள்ள பொருள் எதுவும் இல்லை. கிளிப்புகளில், பட்டையில் துளைவெட்டு உள்ளவை றப்பரைச் செதுக்கிவிடும். பட்டை வழவழப்பாக இருக்கும் வகையைப் பயன்படுத்தினேன். கழற்றிய பழைய குழாய்முனையை வெட்டிவிட்டு மறுபடி போடும் சிக்கனமும் வேண்டாம்.

காற்றுக் கசிவுச் சோதனையைக் கடைசி இணைப்புக்கு முன் செய்வது வசதி. பேட்டரியை மறுபடி இணைத்து, எஞ்சின் பிடித்துக்கொள்ளாதபடி மின்சுருளின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பம்பிலிருந்து வரும் குழாயை நீட்டி, கொஞ்சம் பெற்றோல் உள்ள ஒரு தெளிவான போத்தலுக்குள், பெற்றோல் மட்டத்துக்குக் கீழே நுனி இருக்குமாறு விட்டு, உதவிக்கு ஒருவரை ஸ்டார்ட்டரைத் திருப்பச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் குமிழி வரும், அது குழாயில் இருந்த காற்று. பிறகும் குமிழி தொடர்ந்தால் உறிஞ்சும் பக்கத்தில் ஓர் இணைப்பு பொய் சொல்கிறது. எங்களுக்கு டாங்கியின் அருகே உள்ள குறுந்துண்டு ஒன்று அப்படிப் பிடிபட்டது. கண்ணால் பார்த்தபோது அது நன்றாகத்தான் இருந்தது. மடக்கிப் பார்த்ததும் வெடிப்புகள் வாய்திறந்தன. மாற்றியபின் ஒழுக்கு கண்ணாடிக் கம்பி போலத் தெளிவாக வந்தது. பிறகு மின்சுருளை இணைத்து, காபரேற்றரில் நின்ற பெற்றோலிலேயே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டபோது புதுப் பம்ப் நிமிடத்துக்கு அரை லீற்றருக்குக் கிட்ட இறைத்தது. 110 மி.லீ. கேட்கும் எஞ்சினுக்கு இது தாராளம்.

பெரியப்பா வெளியே வந்து முதலில் பார்த்தது பில்டரைத்தான். "தம்பி, இது பாதிதானே நிரம்பியிருக்கிறது? மேலே காற்று நிற்கிறதே."

இந்தக் கவலை ஒளிபுகும் பில்டர் வைத்த எல்லோருக்கும் வரும். நனைந்த தாளின் நுண்துளைகளில் பெற்றோல் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே தேங்கிய காற்று அந்த ஈரத்தைத் தள்ளிக்கொண்டு கடக்க முடியாது. பாதியோ கால்பங்கோ, தாளின் அடிப்பகுதி பெற்றோலில் தோய்ந்திருக்கும்வரை எஞ்சினுக்குக் குறைவு இல்லை. கண்ணாடிச் சாளரத்தில் மட்டம் குறியில் நிற்கிறதா என்று பாருங்கள், பில்டரின் வயிற்றைப் பார்க்கவேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை.

சில அமெரிக்க ஜீப்களில் மூன்று வாய் கொண்ட பில்டர் உண்டு. பம்புக்குப் பின்னால் வைத்து, மூன்றாவது வாய் வழியாக ஆவியைத் திரும்பும் குழாயில் டாங்கிக்கே அனுப்பிவிடுவார்கள். அந்த வாய் எப்போதும் மேற்பக்கம் இருக்கவேண்டும், ஆவி மேலே எழும் என்பதால். சூட்டுப் பிரச்சினை தீராத கார்களில் திரும்பும் குழாயும் இருந்தால் இது நல்ல வழி. எங்களுக்கு அது வரை போகத் தேவைப்படவில்லை.

பம்ப் இல்லாத எஞ்சின்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 2022 இல் 13 மணி நேர மின்வெட்டு வந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் பலர் சிறிய பெற்றோல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அவற்றில் ஒன்று சுமை ஏறினால் மூச்சுத்திணறுகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். டாங்கி மேலே, காபரேற்றர் கீழே, இடையில் யாரோ காரின் நுண்தாள் பில்டரைப் பொருத்தியிருந்தார்கள். 30 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கும் பெற்றோலின் அழுத்தம் 0.3 பி.எஸ்.ஐ. அளவுதான், காரின் பம்ப் தருவதில் பத்தில் ஒன்று. அதற்குத் தாள் பில்டர் ஒரு கதவடைப்பு. புவியீர்ப்பில் ஓடும் எஞ்சினுக்குத் திறப்பு வால்வில் உள்ள வலையே போதும்; கூடுதலாக வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிளுக்கென்று விற்கும் வலை வகை. குழாய் எங்கும் மேலே வளைந்து இறங்காமல், தொடர்ந்து கீழ்நோக்கியே போகவேண்டும்.

காரை வேலைநாள் ஒன்றின் மாலை நெரிசலில், வேண்டுமென்றே, கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளைவரை ஓட்டினேன். பெரியப்பா பக்கத்து இருக்கையில், வெப்பநிலை முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். நிற்கவில்லை. தெஹிவளைச் சந்தியில் எஞ்சினை அணைத்து, சூடு எஞ்சினுக்குள் ஊறட்டும் என்று பத்து நிமிடம் விட்டு மறுபடி திருப்பினேன். சற்று நீளமாகச் சுற்றித்தான் பிடித்தது. காபரேற்றரின் வயிற்றில் உள்ள பெற்றோலே கொதித்து வழிவதால் வரும் தாமதம் அது. அதற்கு பில்டரால் செய்ய ஒன்றும் இல்லை. காபரேற்றருக்கும் மெனிபோல்டுக்கும் இடையே உள்ள வெப்பத்தடைத் தட்டைப் புதுப்பிக்கவேண்டும். கட்டுநாயக்க வீதியில் 80 இல் தொடர்ந்து ஓடியபோது இழுவை குறையவில்லை. 90 க்கு மேல் பெரியப்பா விடவில்லை.

டாங்கி கழுவியபின்னும் மிச்சத்துரு சில வாரம் வந்துகொண்டே இருக்கும் என்பதால் முன் பில்டரை ஒரு மாதத்தில் அறுத்துப் பார்த்தேன். செதில் ஓரிரண்டு, தூள் கொஞ்சம், றப்பர் மை அறவே இல்லை. அதை 5,000 கி.மீ. எண்ணெய் மாற்றத்தோடு ஒருமுறை மாற்றினால் இனிப் போதும். இரும்புக் குடுவைக்குள் பார்க்கமுடியாது. அதன்மேல் பூட்டிய திகதியைப் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன். முதல் எண்ணெய் மாற்றத்தில் அதையும் அறுத்து, புதுப் பம்பின் சவ்வு எப்படி இருக்கிறது என்று தட்டில் பார்க்கவேண்டும்.